ஏலக்காய் எழுதும் கால அட்டவணை

ஐரோப்பிய விமான நிலையங்கள் ஆண்டுக்கு இரண்டு முறை நேரம் மாற்றுகின்றன. சாந்தன்பாறைக்கு மலையேறும் ஜீப்புகளுக்கு மழையும் யானையும் எல்லைச் சாவடியும் நேரம் குறிக்கின்றன.

போடிநாயக்கனூரில் காலை நாலரை மணிக்கே டீக்கடைகள் சுறுசுறுப்பாகிவிடுகின்றன. எதிரே ஜீப்புகள் வரிசை பிடித்து நிற்கின்றன. சேலைக்கு மேல் ஆண் சட்டை மாட்டி, தலையில் துண்டு கட்டிய பெண்கள் தூக்குவாளியும் மடித்த பிளாஸ்டிக் சாக்குமாக வந்து சேருகிறார்கள். எட்டுப் பேர் உட்கார வேண்டிய வண்டியில் பதினைந்து பேர் ஏறிய பிறகும் ஓட்டுநர் கிளம்புவதாக இல்லை. "யக்கா, இன்னும் கொஞ்சம் தள்ளி உட்காருங்க. ஒரு ஆளு வரணும்" என்கிறார். அந்த ஓர் ஆளும் வந்து, வண்டிக்குள் எப்படியோ ஓர் இடம் பிறக்கிறது. வண்டி முந்தலை நோக்கி உறுமிக்கொண்டு புறப்படுகிறது. போகும் இடம் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலுள்ள சாந்தன்பாறை. வேலை, ஏலக்காய் பறிப்பு.

இந்த வண்டிகளுக்கு ஊர்ப் பலகை கிடையாது. வழித்தட எண் கிடையாது. டிக்கெட் கிடையாது. அச்சடித்த கால அட்டவணையும் கிடையாது. ஆனால் அட்டவணையே இல்லை என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். எந்த மாதம் எத்தனை வண்டி, எந்த வாரம் எந்தத் தோட்டம், எந்த நாளில் எந்த வழி என்பதெல்லாம் இங்கே கறாராகவே நடக்கின்றன. அதை எழுதுகிறவர்கள் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் அல்ல, அவ்வளவுதான்.

விமான உலகில் நிலைமை நேர் எதிர். லண்டன் ஹீத்ரோ, ஃபிராங்க்ஃபர்ட் போன்ற நெரிசல் மிகுந்த நிலையங்களுக்கு ஆண்டில் இரண்டே பருவம். மார்ச் மாதத்தின் கடைசி ஞாயிறன்று கோடைக்கால அட்டவணை தொடங்குகிறது. அக்டோபரின் கடைசி ஞாயிறன்று குளிர்கால அட்டவணை. ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னும் பின்னுமாகத் திருப்பி வைக்கும் நாட்களும் இவைதான். கோடையில் மத்தியதரைக்கடல் ஊர்களுக்கு விமானங்கள் பெருகும். குளிர் தொடங்கினால் அவற்றில் பல நிறுத்தப்படும். பனிச்சறுக்கு மலைகளின் பக்கம் விமானங்கள் திரும்பும். எந்த நிமிடம் எந்த விமானம் இறங்குவது என்று பேசித் தீர்க்க, பருவம் பிறப்பதற்குப் பல மாதங்களுக்கு முன்பே விமான நிறுவனங்களும் நிலைய ஒருங்கிணைப்பாளர்களும் மாநாடு கூட்டுகிறார்கள். சாந்தன்பாறைக்காரர்கள் வெளிநாடு போக மலையிறங்கிச் செல்லும் கொச்சி நிலையமும் இந்தக் கணக்கில்தான் கோடை, குளிர்கால அட்டவணைகளை வெளியிடுகிறது.

அங்கே பயணிக்குப் பல மாதங்களுக்கு முன்பே தகவல் கிடைத்துவிடுகிறது. போடி ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு, நாளைக்கு வண்டி உண்டா என்பது இன்று மாலைதான் தெரியும். இரண்டு பயணங்களுக்கும் உள்ள உண்மையான தூரம் இதுதான்.

போடியிலிருந்து போடிமெட்டு சுமார் 26 கி.மீ. அதற்குள் 17 கொண்டை ஊசி வளைவுகள். முந்தல் வரை வறண்ட சமவெளி. மா மரங்களும் தென்னையும். பிறகு சாலை மலையில் தொற்றிக்கொள்கிறது. ஒவ்வொரு வளைவிலும் ஜீப்பின் ஒரு பக்கத்தார் மறு பக்கத்தார் மேல் சாய்கிறார்கள். அடுத்த வளைவில் கடனைத் திருப்பித் தருகிறார்கள். பாதி வழியில் காற்றின் வாடை மாறுகிறது. மெட்டில் தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்குகிறது. அங்கிருந்து தோண்டிமலை, பூப்பாறை. பூப்பாறையில் மூணாறு போகும் தேசிய நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்து குமுளி சாலையில் திரும்பினால் சில கிலோமீட்டரில் சாந்தன்பாறை. சிறிய கடைத்தெரு. மலையாளப் பலகைகளுக்கு நடுவே தமிழ் எழுத்தும் தெரியும். பேரம் இரண்டு மொழியிலும் நடக்கும். ஊரை விட்டு விலகினால் எங்கு பார்த்தாலும் உயர்ந்த நிழல் மரங்கள், அவற்றின் அடியில் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த ஏலச் செடிகள்.

அந்தச் செடிதான் முதல் அட்டவணையை எழுதுகிறது. காய், செடியின் தலையில் இல்லை. அடித்தூரிலிருந்து தரையோடு படரும் சரத்தில் காய்க்கிறது. பறிக்கிறவர் நாள் முழுக்கக் குனிந்தோ குந்தியோ இருக்க வேண்டும். ஒரு சரத்தில் எல்லாக் காயும் ஒரே நாளில் விளைவதில்லை. அதனால் ஒரு தோட்டத்துக்கு ஒரே அறுவடை என்பதும் இல்லை. தென்மேற்குப் பருவமழை பிடித்த பிறகு தொடங்கி ஜனவரி, பிப்ரவரி வரை ஏறத்தாழ 40 நாட்களுக்கு ஒரு முறை அதே செடிக்குத் திரும்பி வர வேண்டும். நன்றாக முற்றிய காயைத்தான் எடுக்க வேண்டும். பழுத்து வெடிக்கவும் விடக் கூடாது. சுமார் 5 கிலோ பச்சைக் காய் 'ஸ்டோர்' எனப்படும் உலர்த்தும் கூடத்தில் வாட்டப்பட்டு ஒரு கிலோ உலர்ந்த ஏலக்காயாகிறது.

ஆகவே ஆடி, ஆவணியில் ஜீப்புகள் கூடுகின்றன. புரட்டாசி, ஐப்பசியில் உச்சம். அப்போது போடி மட்டுமல்ல, சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம், கோம்பை, கம்பம் என்று மலையடிவார ஊர்களெல்லாம் இருட்டிலேயே விழித்துக்கொள்கின்றன. தை கழிந்தால் வண்டிகள் குறையும். மாசி, பங்குனியில் செடிக்குத் தண்ணீர் பாய்ச்சவும் மூடாக்குப் போடவும் கொஞ்சம் பேர் போதும். மழைக்கு முன் நிழல் மரங்களின் கிளை கழிக்க ஆண்கள் போவார்கள். காய் பறித்த பெண்கள் அந்த மாதங்களில் சமவெளியில் கிடைத்த கூலிக்குப் போகிறார்கள், அல்லது வீட்டில் இருக்கிறார்கள். ஐரோப்பாவில் கடற்கரைக்குப் பறக்கும் விமானம் குளிர்காலத்தில் வேறு ஊருக்குத் திருப்பிவிடப்படுகிறது. ஏலக்காய்க்குப் போன ஆளைத் திருப்பிவிட மாநாடு எதுவும் கூடுவதில்லை.

செடிக்குப் பின்னால் சந்தை இருக்கிறது. உலகில் அதிக ஏலக்காய் விளைவிப்பது நாம் அல்ல, மத்திய அமெரிக்காவின் கவுதமாலா. அதிகம் விரும்பி வாங்குவது காப்பியில் ஏலக்காய் போட்டுக் குடிக்கும் அரபு நாடுகள். ரமலான் நெருங்கினால் அங்கே தேவை ஏறும். ரமலானோ சந்திரக் கணக்கில் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னே நகர்ந்துகொண்டே இருக்கும் மாதம். போடியிலும் வண்டன்மேடு அருகே புற்றடியிலும் நடக்கும் ஏலத்தில் விலை ஏறினால் தோட்டக்காரர் கூடுதல் ஆள் கேட்பார். 2018ன் பெருவெள்ளத்துக்கும் அதைத் தொடர்ந்த வறட்சிக்கும் பிறகு விளைச்சல் சரிந்து, 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போனது. காய் இருந்தவருக்கு அது பொற்காலம். காயே இல்லாத தோட்டத்துக்கு ஜீப் எதற்கு?

இரண்டாவது அட்டவணையை மழை எழுதுகிறது. இந்தச் சாலையின் விசித்திரம், இரண்டு பருவமழையும் அதன் இரண்டு பாதிகளைத் தனித்தனியே தாக்குவது. ஜூன் முதல் தென்மேற்கு மழை கேரளப் பக்கத்தைப் பிடிக்கிறது. மூணாறுக்கும் பூப்பாறைக்கும் இடையிலுள்ள கேப் ரோடு பகுதியில் 2019லும் 2020லும் மலையே சரிந்து விழுந்தது. வாகனங்கள் குஞ்சித்தண்ணி, ராஜாக்காடு, ராஜகுமாரி என்று சுற்றிப் போக வேண்டியதாயிற்று. அந்த மாதங்களில் போடிப் பக்கம் மழை மறைவுப் பிரதேசம், வானம் வெளுத்திருக்கும். அக்டோபர் பிறந்தால் கதை தலைகீழ். வடகிழக்கு மழை தமிழ்நாட்டுச் சரிவில் இறங்கி, 17 வளைவுகளில் எதிலாவது பாறையை உருட்டிவிடுகிறது. காய் பறிப்பு உச்சத்தில் இருக்கும் நேரமும் இதுதான். கனமழை எச்சரிக்கை வந்தால் இடுக்கி மாவட்ட நிர்வாகம் மலைச் சாலைகளில் இரவுப் பயணத்துக்குத் தடை போடும். மாலையில் தாமதமாகிவிட்டால் எந்தப் பக்கம் சிக்கிக்கொள்வோம் என்ற கவலை ஜீப்பில் எல்லோருக்கும் உண்டு.

சாலை சீராகியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அகலப்படுத்திய மூணாறு–போடிமெட்டு நெடுஞ்சாலை, சுமார் 42 கி.மீ., 2024 ஜனவரி 5 அன்று திறந்துவைக்கப்பட்டது. மலைக்குக் கீழே, 2010 கடைசியில் அகலப் பாதைப் பணிக்காக நிறுத்தப்பட்ட போடி ரயில், 2023 ஜூன் 15 அன்று திரும்பி வந்தது. சென்னையிலிருந்தே நேராகப் போடிக்கு ரயில் ஏறலாம் என்றானது. ஊர் மக்கள் மாலை போட்டு வரவேற்றார்கள். ஆனால் அந்த ரயிலில் வந்து இறங்கும் சுற்றுலாப் பயணிக்கும், விடியுமுன் மலையேறும் கூலிப் பெண்ணுக்கும் பொதுவாக இருப்பது ஊர் மட்டும்தான். இருவருடைய நேரமும் சந்திப்பதில்லை.

மூன்றாவது அட்டவணை யானையுடையது. சின்னக்கானல், ஆனையிறங்கல், பன்னியாறு, சாந்தன்பாறை வட்டாரம் காட்டு யானைகளின் பழைய வழித்தடம். அணைக்கட்டுக்கே யானை இறங்குமிடம் என்றுதான் பெயர். பக்கத்திலுள்ள மதிகெட்டான் சோலை 2003ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. உள்ளே போனால் புத்தி தடுமாறி வழி தெரியாமல் போகும் என்பதால் வந்த பெயர் என்கிறார்கள். யானைக்கு அங்கே வழி தெரியும். வழி தடுமாறுவது, தேயிலையும் ஏலமும் வீடுகளும் முளைத்த பிறகு அதன் வெளியேதான். இருள் பிரியாத நேரத்தில் தோட்டத்துப் பாதையில் யானை நின்றால் ஜீப் நிற்கும். வேலை தொடங்கும் நேரம் தள்ளும். 2023 ஜனவரியில் பன்னியாறு எஸ்டேட்டில், யானைகளின் போக்கை நன்றாக அறிந்தவர் எனப் பேர் பெற்ற ஒரு வனக் காவலரே யானை தாக்கி இறந்தார். அவருக்கே அந்த கதி என்றால் தூக்குவாளியோடு நடந்து போகிறவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

அதே ஆண்டு ஏப்ரல் 29 அன்று, ரேஷன் கடையை உடைத்து அரிசி தின்று பேரெடுத்த அரிக்கொம்பனை மயக்க ஊசி போட்டு சின்னக்கானலிலிருந்து பெரியாறு காட்டுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். ஒரு மாதம் ஆகுமுன்பே அது மலையிறங்கிக் கம்பம் நகரத் தெருக்களில் நடந்தது. ஜூனில் தமிழக வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்கு அனுப்பியது. தினமும் கம்பத்திலிருந்து கேரளத்துக்கு மலையேறும் தொழிலாளர்கள் இதை வேடிக்கையாகவும் வேதனையாகவும் பார்த்தார்கள். அவர்கள் போகும் திசைக்கு எதிர்த் திசையில் வந்த அந்த யானை எந்தச் சாவடியிலும் நிற்கவில்லை.

மனிதர்களுக்குச் சாவடி உண்டு. அதுதான் நான்காவது அட்டவணை. 1956ல் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது தேவிகுளம், பீர்மேடு பகுதிகள் கேரளத்துடன் சேர்ந்தன. மலை ஒரு மாநிலம், அடிவாரம் இன்னொரு மாநிலம் என்றானது. செடியும் ஆளும் அப்படிப் பிரியவில்லை. தோட்டம் மேலே, உழைப்பு கீழே, நடுவில் ஒரு தடுப்புக் கம்பி. சாதாரண நாட்களில் அந்தக் கம்பி இருப்பதே தெரியாது. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு அணை விவகாரம் கொதித்தபோது தெரிந்தது. எல்லை வழிகள் அடைபட்டன. ஜீப்புகள் நின்றன. உடும்பன்சோலை வட்டாரத் தோட்டங்களில் தங்கியிருந்த தமிழ்த் தொழிலாளர் பலர், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுப் பாதைகள் வழியே நடந்தே தேனி மாவட்டத்துக்கு இறங்கினார்கள். அதுவும் காய் பறிப்புக் காலம்தான். பறிக்க ஆளின்றிக் காய் பழுத்து வீணானபோது, இரண்டு பக்கத்தாருக்கும் ஒருவரில்லாமல் ஒருவருக்கு ஆகாது என்பது புரிந்தது. ஜீப்புகள் மறுபடி ஏறின.

இன்னொரு முறை 2020 மார்ச்சில். கொரோனா ஊரடங்கில் எல்லை மூடியது. ஏலமும் நின்றது. பின்னர் அனுமதிச் சீட்டு இருந்தால்தான் மேலே போகலாம் என்றானது. அதே மார்ச்சில் ஐரோப்பாவில் நடந்ததை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கே நெரிசலான நிலையங்களில் ஒரு விதி உண்டு: தனக்கு ஒதுக்கப்பட்ட நேரங்களில் 80 சதவீதத்தைப் பயன்படுத்தாத நிறுவனம் அடுத்த ஆண்டின் அதே பருவத்தில் அந்த நேரத்தின் மீதான உரிமையை இழக்கும். விமானம் பறக்க முடியாத காலத்தில் இந்த விதி அநியாயம் என்று ஐரோப்பிய ஒன்றியம் அதை நிறுத்திவைத்தது. பறக்காவிட்டாலும் உங்கள் இடம் உங்களுக்கே என்று உறுதி சொன்னது.

ஜீப்பில் இடம் பிடித்திருந்தவர்களுக்கு அப்படி உறுதி சொல்ல யாரும் இல்லை. மத்தியப் பிரதேசம், ஜார்க்கண்ட், அசாம் என்று தொலைவிலிருந்து வந்து தோட்டத்து லயங்களிலேயே தங்கும் தொழிலாளர்கள் இதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே இந்த மலையில் பெருகி வந்தார்கள். எல்லை மூடினாலும் யானை வந்தாலும் மண் சரிந்தாலும், தங்கியிருக்கும் ஆள் காலையில் வேலைக்கு வந்துவிடுவார். தினம் மலையேறி வருகிறவர் வர மாட்டார். தோட்டக்காரரின் கணக்கு இவ்வளவுதான். வந்தவர்கள் மீது குற்றமில்லை. அவர்களும் ஒரு பருவத்தை நம்பி இரண்டாயிரம் கிலோமீட்டர் ரயிலேறி வந்தவர்கள். ஆனால் முப்பது ஆண்டு ஒரே தோட்டத்துக்குப் போய் வந்த பெண்ணுக்கு, அந்தத் தோட்டத்தின் மீது ஒரு நாள் உரிமைகூடக் கிடையாது என்பது இந்த அட்டவணையின் கசப்பான வரி.

எல்லா வரிகளும் கசப்பல்ல. 12 ஆண்டுக்கு ஒரு முறை வரும் வரி ஒன்று இருக்கிறது. நீலக்குறிஞ்சி எல்லா மலையிலும் ஒரே ஆண்டில் பூப்பதில்லை. ஒவ்வொரு மலைக்கும் அதனதன் கணக்கு. மூணாறின் இரவிகுளத்தில் 2006, 2018. தோண்டிமலையில் 2020. சாந்தன்பாறையின் சாலோம் குன்றில் 2021. 2022 அக்டோபரில் சாந்தன்பாறை ஊராட்சியின் கள்ளிப்பாறை மலை நீலமாகியது. அதுவரை யாரும் தேடி வராத குன்றுக்கு ஆயிரக்கணக்கில் ஜனங்கள் வந்தார்கள். மூணாறிலிருந்து கேரள அரசுப் பேருந்துகள் தனியாக விடப்பட்டன. சாலையோரம் கிலோமீட்டர் கணக்கில் வாகனங்கள் நின்றன. ஒரு பூவுக்காகச் சில நாட்களிலேயே புதிய வழித்தடம், புதிய நேரம், போக்குவரத்துக் காவலர் எல்லாம் வந்தன. மனது வைத்தால் முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இன்னொரு சாட்சியும் உண்டு. ராஜாக்காடு, ராஜகுமாரி பக்கத்துக் குடியேற்றக் குடும்பங்களில் பிரிட்டனிலோ அயர்லாந்திலோ செவிலியராகப் பணிபுரியும் மகளோ மருமகளோ இருப்பது சகஜம். 2025 மார்ச் இறுதியில், கோடைக்கால அட்டவணை பிறக்கும் தறுவாயில், கொச்சி–லண்டன் காட்விக் நேரடி விமானத்தை ஏர் இந்தியா நிறுத்தியது. நிறுத்தப் போவதாகத் தகவல் வந்த உடனே கேரளம் எங்கும் எதிர்ப்பு எழுந்தது. கொச்சி விமான நிலைய நிர்வாகமே நிறுவனத்துடன் பேசியது. நியாயமான எதிர்ப்புதான். ஆனால் அடிவாரத்தில் ஒரு வாரம் நாலு ஜீப் நின்றால் மனு எழுத ஆள் இல்லை. இடுக்கி மாவட்டத்தில் இன்று வரை ரயிலும் இல்லை, பயணிகள் விமான நிலையமும் இல்லை. வண்டிப்பெரியாறு அருகே சத்திரத்தில் தேசிய மாணவர் படைக்கென்று அமைத்த ஓடுதளத்தில் 2022 டிசம்பர் 1 அன்று ஒரு சிறு பயிற்சி விமானம் இறங்கியது. அதற்கே ஊர் திரண்டது. மலையை உண்மையில் இயக்குவது ஜீப்தான்.

கேட்பது பெரிய காரியமல்ல. பறிப்புக் காலத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கு மெட்டுக்கு மேலே போக இரண்டு மாநிலமும் பேசி விடும் பேருந்துகள். மாலையில் திரும்ப அதே பேருந்துகள். சாலை மூடினால் அன்றைய கூலிக்கு ஓர் ஈடு. தேவாரத்துக்காரர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டுவரும் சாக்குலூத்து மெட்டுச் சாலையும் இருக்கிறது. பழைய நடைபாதையைச் சாலையாக்கினால் போடியையோ கம்பத்தையோ சுற்றாமல் நேராக மேலே போகலாம். காட்டை வெட்ட வேண்டியிருக்கும் என்பது வனத்துறையின் மறுப்பு; யானை வழித்தடத்தைப் பார்த்த பிறகு அந்த மறுப்பைத் தள்ளிவிடவும் முடியவில்லை. சாலை வருகிறதோ இல்லையோ, அட்டவணை வருவதற்கு ஒரு மரமும் வெட்ட வேண்டாம்.

மாலை நாலரை. சாந்தன்பாறையில் மூடுபனி இறங்குகிறது. விரல் நகங்களில் காய்க் கறையோடு பெண்கள் மறுபடி ஜீப்பில் நெருங்கி உட்காருகிறார்கள். காலையில் பேசிய பேச்சு இப்போது இல்லை. பாதிப் பேர் ஒருவர் தோளில் ஒருவராகத் தூங்குகிறார்கள். மெட்டைத் தாண்டினதும் கீழே போடியின் விளக்குகள் தெரிகின்றன. ஊருக்குள் ஒவ்வொருவராக இறங்கும்போது ஓட்டுநர் நாளையைப் பற்றிச் சொல்கிறார். "யக்கா, நாளைக்கு அரை மணி முந்தியே வந்துருங்க. மழைன்னா போன் பண்றேன்."

"பண்ணலைன்னா?"

"பண்ணலைன்னா வண்டி உண்டுக்கா."

அவர் தலையசைத்துவிட்டு இருட்டுக்குள் நடக்கிறார். அடுத்த பருவத்தின் அட்டவணை இவ்வளவுதான்.